மரக்கால் ஒன்றுதான், எடை வேறு: டர்போ எஞ்சினில் இன்டர்கூலரின் வேலை

ஒரு மரக்கால் நெல்லையும், கார்த்திகைக்குப் பொரித்த ஒரு மரக்கால் நெற்பொரியையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான். தூக்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். மரக்கால் இடத்தை அளக்கிறது, எடையை அளப்பதில்லை. நெல்லைக் கலம், மரக்கால் என்று அளந்து பழகிய காவிரிப் படுகையின் பழைய தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; பதர் கலந்த நெல்லை மரக்கால் கணக்கில் வாங்கி ஏமாந்தவர்கள் இங்கே எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். கார் எஞ்சினின் சிலிண்டரும் ஒரு மரக்கால்தான். காற்றை இழுப்பதற்காகப் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவு இடத்தைத்தான் காற்றால் நிரப்பிக்கொள்கிறது. ஆனால் எரிபொருள் எரிவதற்கு வேண்டியது காற்றின் கொள்ளளவு அன்று, எடை. டர்போ பொருத்திய எஞ்சின்களில் இன்டர்கூலர் என்றொரு உறுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டுமானால், அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், அதை எரிக்கக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று செலவாகிறது. காற்றுக்கு அவ்வளவு எடையா என்று வியக்கத் தோன்றும். 35 டிகிரி வெயிலில் நம் பக்கத்துக் காற்று ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு, சுமார் 1.15 கிலோ இருக்கிறது. ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,500 லிட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். கும்பகோணத்தில் புறப்பட்டுத் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார், வழியில் 19,000 லிட்டர் காற்றையும் உள்ளே இழுத்து வெளியே விட்டிருக்கும். எரிபொருளைக் கூட்டுவது எளிது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் பாடு. அதற்கு ஒன்று மரக்காலைப் பெரிதாக்க வேண்டும், அதாவது எஞ்சினையே பெரிதாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் இருக்கிற மரக்காலுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும்.

திணிக்கும் வேலையைச் செய்வதுதான் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வெறுங்கையோடு போவதில்லை. அதில் சூடும் அழுத்தமும் வேகமும் மிச்சமிருக்கின்றன. அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறிய விசிறிச் சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால், புகை முதல் சக்கரத்தைச் சுழற்ற, இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கார்களில் இந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கிறது. அந்நாளைய டீசல் அம்பாசடரில் இப்படி எதுவும் கிடையாது. அதன் எஞ்சின் தன்னால் இயன்ற அளவு காற்றை உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். இன்றைக்குச் சாலையில் ஓடும் டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், பெட்ரோல் கார்களில் கணிசமானவற்றிலும் டர்போ இருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். இருபது முப்பது அடி அடித்ததும் அது கையைச் சுடும். உள்ளே வாஷர் உரசுவதால் சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உரசலுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்றாலும் பெரும்பங்கு அதனால் வருவதன்று. நாம் கையால் செலவிட்ட உழைப்பில் பெரும்பகுதி காற்றை நெருக்குவதில் போகிறது. அந்த உழைப்பு மறைந்துவிட முடியாது என்பதால், காற்றின் மூலக்கூறுகளை வேகமாக ஓடவைத்து, சூடாக வெளிப்படுகிறது. டீசல் எஞ்சின் தீப்பொறி எதுவும் இல்லாமல் எரிவதே இந்தச் சூட்டை நம்பித்தான். டர்போவும் ஒரு பம்புதான், மிக மிக வேகமான பம்பு. அது காற்றை நெருக்கித் தரும்போதே காய்ச்சியும் தந்துவிடுகிறது. சூடான காற்று விரியப் பார்க்கும். ஒரு கையால் நெல்லை மரக்காலுக்குள் அமுக்கிக்கொண்டே மறு கையால் அதைப் பொரித்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

இந்தச் சூடு எவ்வளவு இழப்பைத் தருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளியில் படித்த வாயு விதிகளே இதற்குப் போதும். வெளிக்காற்று 35 டிகிரி செல்சியஸ் என்றும், டர்போ அதன் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அடர்த்திக் கணக்குக்கு வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும் என்பதால் 35 டிகிரி என்பது 308 கெல்வின். குறையே இல்லாத ஒரு டர்போவாக இருந்தாலும், அழுத்தம் இரட்டிக்கும்போது காற்று 102 டிகிரிக்குப் போய்விடும். உண்மையான டர்போவின் சக்கரம் காற்றை நெருக்குவதோடு சற்றே கலக்கியும் குழப்பியும் விடுகிறது; அதன் திறனை 70 விழுக்காடு என்று கொண்டால், வெளிவரும் காற்று 131 டிகிரியில், அதாவது ஏறத்தாழ 404 கெல்வினில் இருக்கும். இப்போது எடையைப் பார்ப்போம். டர்போ இல்லாதபோது சிலிண்டர் என்னும் மரக்கால் பிடித்த காற்றை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் இரட்டித்ததால் 200 பங்கு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் சூட்டில் விரிந்துபோனதால் கிடைப்பது 152 பங்குதான். அழுத்தம் இரண்டு மடங்கு, கைக்கு வந்த காற்றோ ஒன்றரை மடங்கு. அழுத்தமும் அளவும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இந்த இடத்தில் சற்று நின்று போவது நல்லது. இதில் குழம்பியவர்களுக்கு இன்டர்கூலர் கடைசிவரை குழப்பமாகவே இருக்கும்.

இன்டர்கூலர் செய்வதெல்லாம், டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நின்று அந்தச் சூட்டை வாங்கி வெளியே எறிவதுதான். நம் கணக்கில், அது 131 டிகிரிக் காற்றை 64 டிகிரிக்கு இறக்குகிறது என்று கொள்ளலாம். உள்ளே வரும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் ஏழு பங்கை இறக்கிவிடுவது ஒரு நடுத்தரமான இன்டர்கூலருக்குக் கைகூடக்கூடியதே. அதன் குறுகிய குழாய்களுக்குள் நுழைந்து வருவதில் காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். அதையும் கழித்து, 2 பாருக்குப் பதில் 1.9 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) என்று எடுத்துக்கொண்டாலும், மரக்காலில் விழும் காற்று 174 பங்காகிவிடுகிறது. பொரி ஆறினால் மறுபடி நெல்லாகிவிடாது, காற்று ஆகிவிடும். பொரி உவமை அந்த அளவுக்குத்தான் செல்லும்.

கவனமாகப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். காற்றைக் குளிரவைத்தால் அதன் அழுத்தமும் இறங்கிவிடுமே, பிறகு டர்போ பட்ட பாடு வீண்தானே? மூடிய சிலிண்டருக்குள் அடைத்து வைத்த காற்றாக இருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் இன்டர்கூலர் மூடிய பாத்திரம் அன்று. ஒரு பக்கம் டர்போ ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சாக்கில் நெல் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒருவர் சாக்கைத் தரையில் தட்டிக் குலுக்கக் குலுக்க நெல் அமுங்கி இறங்குகிறது. இன்னொருவர் முறத்தால் மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறார். பார்ப்பவருக்குச் சாக்கின் வாய் எப்போதும் நிரம்பித்தான் தெரிகிறது. தராசில் தூக்கும்போதுதான் குலுக்கியதன் பயன் தெரிகிறது. சாக்கின் வாய்மட்டம்தான் அழுத்தம். தராசு காட்டுவதுதான் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று.

உருவத்தில் இன்டர்கூலர் ஒரு ரேடியேட்டரின் தம்பி. அலுமினியத்தால் ஆன தட்டையான குழாய்கள் வரிசையாக இருக்கும். குழாய்களுக்கு இடையே மெல்லிய தகடுகள் மடிப்பு மடிப்பாகச் செருகப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஒவ்வொரு தொட்டி. டர்போவிலிருந்து தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக வரும் சூடான காற்று ஒரு முனையில் நுழைந்து, குழாய்களுக்குள் ஓடி, மறுமுனையில் வெளியேறி எஞ்சினுக்குப் போகிறது. கார் ஓடும்போது முகப்பில் மோதும் வெளிக்காற்று அந்தத் தகடுகளின் ஊடே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை; நடுவில் நிற்கும் அலுமினியம் வழியாகச் சூடு மட்டும் கைமாறுகிறது. ஏசி வாயுவோ கூலன்ட் தண்ணீரோ இந்த வகையில் எங்கும் கிடையாது. பெயரில் ‘கூலர்’ இருப்பதால் உள்ளே சில்லென்று காற்று வருமென்று நினைப்பவர்கள், நம் கணக்கில் அது குளிர்ந்தபிறகும் 64 டிகிரியில்தான் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் இறங்கவே முடியாது.

அது அள்ளி எறியும் சூடும் கொஞ்சநஞ்சமன்று. 100 குதிரைத்திறன் அளவுள்ள ஒரு டர்போ எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 கிராம் காற்றை விழுங்கும். அந்தக் காற்றில் 67 டிகிரியைக் குறைப்பதென்றால் ஆறரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேல் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் 1500 வாட் ஹீட்டர் கம்பிகள் நான்கைந்தை ஒன்றாகப் போட்டால் வரும் சூடு அது. அவ்வளவும் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகட்டுப் பெட்டி வழியாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கார்களில் இதை ரேடியேட்டருக்கு முன்னாலோ கீழேயோ வைக்கிறார்கள். ரேடியேட்டரைக் கடந்து சூடாகிவிட்ட காற்று இதற்குப் பயன்படாது என்பதே காரணம். சில வண்டிகளில் எஞ்சினுக்கு மேலேயே படுக்க வைத்துவிட்டு, பானெட்டில் ஒரு திறப்பு வைத்து வெளிக்காற்றை இறக்குவார்கள். பானெட்டில் மூக்குப் போல் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் திறப்பை வெறும் அலங்காரம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். மேலே வைப்பதால் குழாயின் நீளம் குறையும். ஆனால் அடியில் எஞ்சின் கொதித்துக்கொண்டிருப்பதால், ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் நின்று புறப்படும்போது இன்டர்கூலரே சூடேறிப் போயிருக்கும். முன்பக்க இன்டர்கூலருக்கும் நிற்கும் வண்டியில் இந்தத் தொல்லை உண்டு, சற்றுக் குறைவாக.

காற்றின் எடை கூடுவது மட்டுமே இதன் பயனாக இருந்தால்கூடப் போதும்; ஆனால் பெட்ரோல் எஞ்சினில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக்கின் பொறி பட்டபிறகு ஓரிடத்திலிருந்து ஒழுங்காக எரிந்து பரவ வேண்டும். உள்ளே வரும் காற்று ஏற்கெனவே மிகச் சூடாக இருந்தால், தீ வந்து சேர்வதற்கு முன்பே சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். இன்றைய எஞ்சின்களில் இந்தத் தட்டலைக் கேட்பதற்கென்றே ஓர் உணரி இருக்கிறது. அது குரல் கொடுத்ததும் எஞ்சினின் கணினி பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, தேவையானால் டர்போவின் அழுத்தத்தையும் குறைத்து, எஞ்சினைக் காப்பாற்றிவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் கத்திரி வெயில் மதியத்தில் வண்டி இழுக்க மறுக்கிறது என்பதுதான். டீசல் எஞ்சினில் உள்ளே வருவது வெறும் காற்று மட்டுமே என்பதால் இந்த வகை வெடிப்புக்கு இடமில்லை. அங்கே இன்டர்கூலரால் வேறு இரண்டு பயன்கள் உண்டு: ஊற்றிய டீசலுக்குப் போதிய காற்று கிடைப்பதால் கரும்புகை குறைகிறது, எரியும்போது ஏறும் உச்ச வெப்பம் சற்றுத் தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதும் குறைகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் ஸ்டேஜ் 6 புகை மாசு விதிகளை எட்டுவதற்கு டீசல் வண்டிகளில் செய்யப்படும் பல ஏற்பாடுகளுக்கு இது அடித்தளம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘இன்டர்’ என்றால் இடையில் என்று பொருள். முதலில் இந்தப் பெயர், காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் இயந்திரங்களில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே வைத்த குளிர்விப்பானுக்கே உரியதாக இருந்தது. எல்லா அழுத்தமும் முடிந்தபிறகு, எஞ்சினுக்குச் சற்று முன்னால் வைத்தால் அது ஆஃப்டர்கூலர். அப்படிப் பார்த்தால் நம் கார்களில் இருப்பவை பெரும்பாலும் ஆஃப்டர்கூலர்களே. ஆனால் வழக்கு வென்றுவிட்டது. பழைய லாரிகளின் விவரக்குறிப்பில் டிசிஐசி என்று எழுதியிருப்பார்கள். டர்போசார்ஜரும் இன்டர்கூலரும் உள்ள எஞ்சின் என்பதன் சுருக்கம் அது. ரயில்வேக்காரர்கள் மட்டும் சரியான பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்சி பொன்மலை டீசல் ஷெட்டிலிருந்து புறப்பட்டு, மின்மயமாவதற்கு முன் தஞ்சாவூர், மயிலாடுதுறை வழியாக வண்டிகளை இழுத்துச்சென்ற டபிள்யூடிஎம்-2 வகை எஞ்சின்கள் 16 சிலிண்டரும் 2600 குதிரைத்திறனும் கொண்டவை. டர்போவுக்குப் பின்னால் அவற்றில் தண்ணீரால் குளிரும் ஆஃப்டர்கூலர் உண்டு. பிளாட்பாரத்தில் நின்று அந்த எஞ்சின் புறப்படும்போது எழும் சீழ்க்கையைக் கேட்டிருப்பவர்கள், டர்போவின் குரலைக் காரில் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே கேட்டுவிட்டார்கள்.

கார்களுக்கு இது சற்றுத் தாமதமாகவே வந்தது. 1962-இல் அமெரிக்காவில் டர்போவோடு விற்கப்பட்ட ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலர் கிடையாது. அதற்குப் பதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே போகும் காற்றில் தூவிச் சூட்டைத் தணித்தார்கள். வேலை செய்தது. ஆனால் அந்தத் திரவம் தீர்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் ஏராளம். நிரப்பவோ நினைவில் வைக்கவோ எதுவும் இல்லாத தகட்டுப் பெட்டி கடைசியில் வென்றதில் வியப்பில்லை. போர்ஷே 911 டர்போ 1978-இல் 3.3 லிட்டர் எஞ்சினுக்கு மாறியபோது இன்டர்கூலரோடு வந்தது.

வெளிக்காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் கொண்டு குளிரவைக்கும் வகையும் உண்டு. அதில் டர்போ காற்றின் சூட்டை முதலில் கூலன்ட் வாங்கிக்கொள்கிறது. பிறகு முகப்பில் இருக்கும் ஒரு தனி ரேடியேட்டரில் அதை இறக்கிவைக்கிறது. பம்பு, குழாய், கூலன்ட் என்று செலவும் பழுதாக வாய்ப்புள்ள உறுப்புகளும் கூடுகின்றன. எனினும் தண்ணீர் காற்றைவிட மிக விரைவாகச் சூட்டை வாங்கும் என்பதால் இன்டர்கூலரைச் சிறியதாகச் செய்து எஞ்சினோடு ஒட்டியே வைத்துவிடலாம். நம் ஊரில் ஓடும் ஃபோக்ஸ்வேகன் 1 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினில் அது காற்று உள்ளே நுழையும் மேனிஃபோல்டுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. கடலுக்குப் போகும் விசைப்படகுகளின் டர்போ எஞ்சின்களுக்கு முகத்தில் மோதும் காற்றும் கிடையாது, அதற்குத் தேவையும் கிடையாது. சுற்றிலும் கடல் இருக்கும்போது அந்த நீரையே இழுத்துக் குளிர்விக்கலாம். உப்பு அரித்துத் தின்றுவிடாமல் இருக்க, அத்தகைய கூலர்களின் குழாய்களைச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் செய்வார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் இருப்பதிலேயே பெரிய இன்டர்கூலராக மாட்டிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், மாட்டியும் விடுகிறார்கள். இன்டர்கூலரும் அதன் குழாய்களும் எவ்வளவு பெரியவையோ அவ்வளவு இடத்தையும் டர்போ முதலில் அழுத்தமுள்ள காற்றால் நிரப்பியாக வேண்டும். அதுவரை ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி யோசித்துக்கொண்டே நிற்கும். தலைமதகைத் திறந்ததும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. வாய்க்கால் நீளமும் அகலமுமாக இருக்க இருக்க, அது நிரம்பி வழிந்து வருவதற்கு நேரமாகும். உள்ளே தடைகள் கூடினால் அழுத்த இழப்பும் கூடும். என் பார்வையில், எஞ்சினில் வேறெதையும் மாற்றாமல் இன்டர்கூலரை மட்டும் பெரிதாக்குவது பெரும்பாலும் பணத்துக்குக் கேடு.

டெல்டாவின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரும் திருவாரூரும் நாகப்பட்டினமும் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில் இருப்பதால், கொடைக்கானலில் நடப்பதுபோல் உயரத்தால் காற்று மெலியும் குறை நமக்கு இல்லை. நமக்கு உள்ள குறை வெயிலும் புழுக்கமும். 15 டிகிரியில் கன மீட்டருக்கு 1.225 கிலோ இருக்கும் காற்று 40 டிகிரியில் 1.13 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. புழுக்கமான நாளில் அந்தக் காற்றிலும் நூற்றில் மூன்று நான்கு பங்கு நீராவியாக இருக்கும். நீராவி எரிய உதவாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டையைத் திருப்புவது எதற்காகவோ, ஏறத்தாழ அதே காரணம்தான்: கொடுத்த இடத்தில் தண்ணீர் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஈரம் நெல்லை கனமாக்கும், காற்றையோ இலேசாக்கும். இன்டர்கூலரால் டர்போ ஏற்றிய சூட்டை இறக்க முடியும். நாள் ஏற்றிய சூட்டையோ புழுக்கத்தையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நம் பக்கத்தில் இன்டர்கூலருக்கு வெயிலைவிடப் பெரிய பகை அறுவடைதான். ஒரு தை மாதத்தில், மன்னார்குடிப் பக்கம் உறவினர் ஒருவரின் டீசல் காரைச் சில வாரங்கள் ஓட்டிக்கொண்டிருந்தேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையெங்கும் வைக்கோலும் நெல்லும் காய்ந்தன. அறுவடை இயந்திரங்கள் கிளப்பிய சுணையும் தூசும் வயலோரச் சாலைகளில் புகைபோல் நின்றன. நாளாக ஆக வண்டி மந்தமாகிக்கொண்டே வந்தது. டர்போ போய்விட்டது என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக் பம்பரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது கூலர் இல்ல, வைக்கப்போரு,” என்றார். தகடுகளின் மடிப்புகள் கண்ணுக்கே தெரியவில்லை. துண்டு வைக்கோலும் பதரும் சுணையும், ஹோஸ் இணைப்பில் கசிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு ஒரு கம்பளிபோல் மூடியிருந்தன. அவர் ஏர் கம்ப்ரஸரின் குழாயைப் பின்பக்கம் வைத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கி மெதுவாக ஊதினார். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸில் அடிப்பதுபோல் வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிச் சாய்ந்துவிடும், பிறகு காற்றுக்கு வழியே இருக்காது. முறம் கொள்ளும் அளவுக்குக் குப்பை தரையில் விழுந்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசியபிறகு, அதே சோப்புத் தண்ணீரை ஹோஸ்களின் இணைப்பிலும் தடவி, உள்ளே கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்தார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதைப் போன்ற அதே சோதனை. ஒரு கிளாம்புக்கு அருகில் குமிழி குமிழியாக வந்தது.

அந்தக் குமிழியில்தான் பாதி நோய் இருந்தது. டர்போ அழுத்தித் தந்த காற்று எஞ்சினுக்குப் போகும் வழியில் கசிந்துவிட்டால், இன்டர்கூலர் எவ்வளவு நன்றாகக் குளிர்வித்தாலும் பயனில்லை. இதன் அறிகுறிகளை ஓட்டுபவரே கண்டுகொள்ளலாம்: மிதிக்கும்போது ‘புஸ்’ என்றோ சீழ்க்கைபோலவோ ஓர் ஒலி, மேட்டில் ஏறும்போது இழுவைக் குறைவு, டீசல் வண்டியென்றால் பின்னால் கரும்புகை. ரப்பர் ஹோஸ் நாளடைவில் வெடித்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், கல் பட்டு அலுமினியத்தில் பொத்தல் விழுந்திருக்கலாம். ஹோஸின் உள்ளே எண்ணெய் இலேசாகப் படிந்திருப்பது இயல்பு. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எழும் ஆவி அந்த வழியாகத்தான் திரும்பி வருகிறது. கழற்றினால் எண்ணெய் ஊற்றுகிறது என்றால் டர்போவின் சீல் போயிருக்கிறது.

அப்படி டர்போவையே மாற்ற நேர்ந்தால், பழைய இன்டர்கூலரைத் தொடாமல் புதிய டர்போவை மட்டும் மாட்டிக்கொண்டு வருவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. உடைந்த பழைய டர்போவின் இறக்கைத் துணுக்குகளும், அது கக்கிய எண்ணெயும் இன்டர்கூலரின் அடியில் தங்கியிருக்கும். துணுக்குகள் எஞ்சினுக்குள் போனால் சிலிண்டரைக் கீறும். எண்ணெய் போதுமான அளவு சேர்ந்து ஒரேயடியாக உறிஞ்சப்பட்டால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் அணையாமல் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழலத் தொடங்கிவிடும். ஆகவே டர்போ மாற்றும் பில்லில் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிய கூலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்களுக்குள் துணுக்கு சிக்கியிருந்து கழுவியும் வரவில்லை என்றால், அதையும் மாற்றச் சொல்லிவிட வேண்டும்.